அரச வேடம் யாருக்கு?

கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்திற்கு வேடம் பிரித்துக் கொடுப்பது ஒரு பங்குத்தந்தைக்குப் பெரிய வேலையன்று. மரியா ஒருத்தி, சூசை ஒருவர், வானதூதர் சிலர், இடையர் சிலர், கீழ்த்திசை அரசர் மூவர். முகப்பவுடரும் சரிகைத்தாளும் வாங்கிக் கொடுத்துவிட்டால் மீதியைக் குழந்தைகளே பார்த்துக்கொள்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய ஒரு பங்கில், அப்படித்தான் அவர்களிடமே விட்டுவிட்டேன். மாலைச் செபத்திற்கு மணியடிக்கும் முன் திரும்பிவந்து பார்த்தபோது பட்டியல் ஆயத்தமாக இருந்தது. அரசர் மூவரும் கோயிலுக்கு முன்புறத் தெருக்காரர்கள். இடையர் அனைவரும் ஓடைக்கு அப்பாலுள்ள தெருக்காரர்கள். சண்டையில்லை, அழுகையில்லை, ஒருவர் முகத்திலும் வாட்டமில்லை. ஓடைத்தெருச் சிறுவன் ஒருவனை அருகழைத்து, "கிரீடத்தை நீ ஏன் கேட்கவில்லை?" என்றேன். ஒன்பது வயதுப் பையன். "ராஜா அவங்கதான சாமி" என்றான். வருத்தத்தோடு சொல்லவில்லை. இரண்டும் இரண்டும் நான்கு என்று வகுப்பில் ஒப்பிப்பதைப் போலச் சொன்னான்.

குழந்தையுள்ளம் ஏற்றத்தாழ்வு அறியாதது என்று எத்தனையோ மறையுரைகளில் பேசியிருக்கிறேன். பேசுவதற்கு இனிமையான கருத்து. கேட்பவர்களும் மகிழ்ந்து தலையசைப்பார்கள். அன்றைக்குப் பிறகு அவ்வாறு பேச எனக்கு நா எழவில்லை. குழந்தை நீதியை எங்கிருந்து அறிகிறது, அநீதியோடு எப்போது பழகிக்கொள்கிறது என்னும் வினாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு, முன்பே படித்த தமிழ் நூல்கள் சிலவற்றை மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த மறுவாசிப்பில் தோன்றியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் கு. அழகிரிசாமி. இடைசெவல் மண்ணில் 1923-இல் பிறந்து 1970-இல் மறைந்த இவரைப் போலக் குழந்தைகளை அருகிருந்து பார்த்து எழுதியவர் தமிழில் மிகச் சிலரே. அவருடைய 'ராஜா வந்திருக்கிறார்' என்னும் சிறுகதை கண்ணீரை வரவழைக்கும் கதை என்று பெயர் பெற்றது. பெற்றோரற்ற, உடுக்கத் துணியுமற்ற ஒரு சிறுவனை, தீபாவளிக்கு முதல்நாள், ஏழைத் தாய் தாயம்மாளின் குழந்தைகள் காண்கிறார்கள். அவனுக்கு அந்த வீட்டில் சோறு கிடைக்கிறது, எண்ணெய்க் குளியல் கிடைக்கிறது. வீட்டுத் தலைவனுக்கென வாங்கி வைத்த துண்டு அவன் இடுப்பில் ஏறுகிறது. அவன் பெயர் ராஜா. இப்படிச் சுருக்கிச் சொல்லி, பிறரன்பின் பெருமைக்கு இக்கதையை மேற்கோளாகக் காட்டுவது வழக்கம். நானும் காட்டியிருக்கிறேன். ஆனால் அவ்வாறு சொல்லும்போது கதையின் தொடக்கத்தை நாம் விழுங்கிவிடுகிறோம்.

கதை இரக்கத்தில் தொடங்கவில்லை, போட்டியில் தொடங்குகிறது. பணக்கார வீட்டு ராமசாமியும், தாயம்மாளின் மக்கள் மங்கம்மாள், செல்லையா, தம்பையா ஆகியோரும் தத்தம் வீட்டு உடைமைகளை ஒவ்வொன்றாய் எடுத்துவைத்து, அது உன் வீட்டில் உண்டா என்று ஒருவரையொருவர் மடக்கிக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் பட்டுச் சட்டை வருகிறது, பசுமாடு வருகிறது. இந்தப் பக்கம் எடுத்துவைக்க என்ன இருக்கிறது? கோழி இருக்கிறது. கோழியைத் தூக்கி நிறுத்துகிறாள் சிறுமி. படிக்கும் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த விளையாட்டின் இலக்கணத்தைச் சற்றே உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்தின் மதிப்பு அதன் உடைமையால் அளக்கப்படும் என்பதை இக்குழந்தைகளுக்கு எவரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித் தரவில்லை. ஆயினும் அனைவருக்கும் அவ்விதி தெரிகிறது. ஏழைக் குழந்தைகள் அந்த அளவுகோலை மறுக்கவில்லை. அதன்மீது வைப்பதற்குத் தம்மிடம் என்ன இருக்கிறது என்றே தேடுகிறார்கள். ராமசாமியும் தீயவனல்லன். அவன் தன் வீட்டில் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறான், அவ்வளவே. அழகிரிசாமி யார்மீதும் கோபம் கொள்ளாமல் இதை எழுதிச் செல்வதால்தான் அதன் கூர்மை சட்டென்று நமக்குப் புலப்படுவதில்லை.

இப்போது கதையின் முடிவைப் பாருங்கள். ராமசாமியின் தமக்கையை மணந்த ஜமீன்தார் தலைதீபாவளிக்கு வந்திருக்கிறார். ஊரார் வாயில் அவர் ராஜா. இதைக் கேட்ட மங்கம்மாள் தங்கள் வீட்டிற்கும் ராஜா வந்திருப்பதாக அறிவிக்கிறாள். இங்குதான் நம்மில் பலர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். ஆனால் அவள் வாக்கு பழைய விளையாட்டின் தொடர்ச்சிதானே? பட்டுக்குக் கோழி, ஜமீன்தாருக்கு அநாதைச் சிறுவன். அப்படியானால் அந்தச் சிறுமி அவனையும் ஓர் உடைமையாக்கித் தராசில் வைத்துவிட்டாளா? இந்த ஐயம் என்னை நெடுநாள் விடவில்லை. இன்று எனக்குத் தோன்றுவது இது: அவள் அந்த விளையாட்டை விட்டு வெளியேறவில்லை, வெளியேறும் வயதும் அவளுக்கில்லை, ஆனால் அந்தத் தராசு தாங்காத ஒரு பொருளை அவள் அறியாமலே அதில் வைத்துவிட்டாள். தராசு உடைகிறது. உடைந்தது அவளுக்குத் தெரியவில்லை, நமக்குத் தெரிகிறது. எழுத்தாளர் அந்த இடத்தில் கதையை நிறுத்திக்கொள்கிறார். ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தாலும் அது போதனையாகப் போயிருக்கும்.

எனினும் இக்கதையின்மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. விலை கொடுப்பவர் அனைவரும் ஏழைகளாகவே இருக்கிறார்கள். துண்டு போவது இல்லாத வீட்டிலிருந்து. பசுமாடுகள் உள்ள வீட்டில் ஒன்றும் குறையவில்லை. குறைய வேண்டும் என்று கதை கேட்கவுமில்லை. குருமடத்தில் அறநெறி இறையியல் படித்தவர்கள் நினைவுகூரலாம்: தனக்கு உரியதை விட்டுக்கொடுப்பது இரக்கம், பிறருக்கு உரியதைத் திருப்பிக் கொடுப்பது நீதி. புனித அக்குவினாத் தோமா நீதியை வகைப்படுத்தும்போது, மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான பரிமாற்ற நீதியை ஒருபுறமும், பொதுவானதைப் பங்கிடும் பகிர்வு நீதியை மறுபுறமும் வைத்தார். தாயம்மாளின் வீட்டில் இரக்கம் நிறைந்து வழிகிறது. பகிர்வு நீதி என்னும் வினா அந்த ஊரின் எந்தத் திண்ணையிலும் எழவில்லை.

இவருடைய 'அன்பளிப்பு' இன்னும் நுட்பமானது. (இப்பெயரிலான தொகுப்பிற்கே 1970-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருது அவர் மறைவிற்குப் பின் வழங்கப்பட்டது.) குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து தரும் நல்ல மனிதர் ஒருவர். சில குழந்தைகளுக்கு டைரி அன்பளிப்பாகக் கிடைக்கிறது, சாரங்கனுக்குக் கிடைப்பதில்லை. அவன் சண்டையிடவில்லை. அவரைத் தன் வீட்டிற்கு அழைத்துப் போய் உபசரித்து, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவர் அன்போடு தனக்கு அளித்ததாக அதில் எழுதித் தரும்படி கேட்கிறான். கொடுப்பவர் அதைத் தம் விருப்பம் என்று நினைக்கிறார். அன்பளிப்புக்கு ஏது கணக்கு என்பது அவர் எண்ணம். பெறாத குழந்தைக்கோ அதுவும் பங்கீடே. அதிலும் நீதி உண்டு, அநீதி உண்டு. ஞாயிறு மறைக்கல்விக்குப் பின் மிட்டாய் கொடுக்கும் அருட்தந்தையரும் அருட்சகோதரியரும் ஆண்டுக்கொரு முறையேனும் படிக்க வேண்டிய கதை இது.

தனக்குக் குறைந்தால் குழந்தை உடனே அறியும். பிறருக்குக் குறைந்தால்? 2015-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் கேட்டது. இந்தியா, கனடா, அமெரிக்கா, மெக்சிகோ, பெரு, செனெகல், உகாண்டா ஆகிய 7 நாடுகளில் 4 முதல் 15 வயது வரையிலான சிறார்களை இருவர் இருவராக எதிரெதிரே அமர்த்தினார்கள். இனிப்புகள் ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்படும். ஒருவர் கையில் மட்டும் முடிவு இருக்கும். அவர் ஏற்றால் அப்படியே இருவரும் எடுத்துக்கொள்ளலாம், மறுத்தால் இருவருக்குமே இல்லை. தனக்குக் குறைந்த பங்கு வந்தபோது, கிடைப்பதும் போனால் போகட்டும் என்று மறுக்கும் இயல்பு 7 நாடுகளிலும் காணப்பட்டது. தனக்குக் கூடுதல் வந்தபோதும் மறுக்கும் இயல்பு அமெரிக்கா, கனடா, உகாண்டா ஆகிய 3 நாடுகளில் மட்டுமே, அதுவும் சற்று வளர்ந்த சிறார்களிடமே தென்பட்டது. இந்தியா அந்த மூன்றில் இல்லை என்பதைக் கொண்டு நம் குழந்தைகளைக் குறைசொல்லப் புகுவது அறிவீனம். அச்சோதனை தெருவுக்கும் தெருவுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை அளக்க அமைந்ததுமன்று. ஆனால் முதல் வகை உணர்வு எளிதில் வருவது, இரண்டாம் வகை தாமதமாக வருவது, சில இடங்களில் வராமலே போவது என்ற அளவில் அது மெய். தந்தையின் துண்டை அந்நியச் சிறுவனுக்குக் கொடுக்கும் வீட்டில் வளரும் மங்கம்மாளின் அருமை இப்போது நமக்குக் கூடுதலாகவே விளங்குகிறது.

நம் வகுப்புகளிலேயே இதைக் காணலாம். திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையைச் சொல்லிப் பாருங்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் உடனே ஆண்டவருக்கு எதிராக வழக்காடுவார்கள்: காலையிலிருந்து உழைத்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலியா? ஜெனீவாவில் குழந்தைகளின் கோலிக்குண்டு விளையாட்டைக் கூர்ந்து நோக்கி 1932-இல் நூல் எழுதிய பியாஜே, சிறு குழந்தைகள் பெரியவர் சொல்லையே நீதியெனக் கொள்வர், பின்னர் எல்லாருக்கும் சமம் என்பதில் பிடிவாதம் கொள்வர், அதற்கும் பின்னரே அவரவர் நிலையையும் எண்ணிப் பார்ப்பர் என்றார். ஒரு முறை வகுப்பில், மாலை வரை அவர்கள் ஏன் சந்தைவெளியில் நின்றார்கள் என்று கேட்டேன். யாரும் அவர்களை வேலைக்குக் கூப்பிடவில்லை என்று உவமையிலேயே இருக்கும் விடையைச் சிறுமி ஒருத்தி சொன்னாள். பிறகு சற்று நேரம் கழித்து, "அவங்கள மட்டும் ஏன் சாமி கூப்பிடல?" என்றாள். உரைநூல்கள் பலவற்றிலும் நான் காணாத வினா.

அந்த வினாவை நேரே கேட்கும் நூல் பாமாவின் 'கருக்கு'. 1992-இல் அது வெளிவந்தபோது நான் குருமாணவன். கைக்குக் கை மாறி என்னிடம் வந்த படியின் ஓரங்கள் மடிந்திருந்தன. பேச்சுத் தமிழில் ஒரு முழு நூலா என்று முகம் சுளித்தவர்களும் எங்களுள் இருந்தார்கள். அந்த மொழியன்றி வேறு மொழியில் அந்தக் குழந்தையின் கண் திறந்திருக்காது என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

அந்நூலில் அனைவரும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. மூன்றாம் வகுப்புப் படிக்கும் வயதில் சிறுமி பள்ளி முடிந்து தெருவை வேடிக்கை பார்த்தபடி வருகிறாள். தங்கள் தெருப் பெரியவர் ஒருவர், வடைப் பொட்டலம் ஒன்றை, கையில் படாமல் அதன் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் நாயக்கரிடம் பணிந்து நீட்டுகிறார். பெரிய மனிதர் இப்படிச் சிறு பொட்டலத்தைத் தொங்கவிட்டு நடப்பது அவளுக்கு வேடிக்கையாக இருக்கிறது. வீட்டில் போய் அண்ணனிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்கிறான். சிரிப்பு அடங்கிச் சினம் பொங்குகிறது.

இந்நிகழ்ச்சியில் பெரும்பாலோர் அந்தச் சினத்தையே பேசுகிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பே முதன்மையானதாகத் தோன்றுகிறது. ஏற்றத்தாழ்வு குழந்தைக் கண்ணுக்கு முதலில் கோமாளித்தனமாகத்தான் படுகிறது. இயல்புக்கு மாறானது எதுவோ அதைக் கண்டுதான் நாம் சிரிக்கிறோம். ஆகவே அந்தக் கணம்வரை, பொட்டலத்தைக் கையில் ஏந்துவதே அவளுக்கு இயல்பு; சமத்துவமே இயல்பு. அண்ணன் அதற்குப் பெயரும் காரணமும் சொல்லும்போது நிகழ்ச்சி மாறவில்லை, பொட்டலமும் மாறவில்லை. பார்த்தவளின் இடம் மாறிவிடுகிறது. வேடிக்கை பார்த்தவள், தானும் அந்தப் பெரியவரின் பக்கத்தில் நிற்பவள் என்று அறிகிறாள். ஆனால் பாமா நேர்மையான எழுத்தாளர். அச்சொல்லைக் கேட்பதற்கு முன்பே அதன் இழிவைத் தான் கண்டும் பட்டும் இருந்ததாகவும் அவர் எழுதுகிறார். இவ்விரண்டும் முரண் அல்ல. உடல் முன்னமே அறிந்துவிடுகிறது. சொல் பிறகு வருகிறது. சொல் வருமுன் பழக்கம் முந்திக்கொண்டால், என் ஓடைத்தெருச் சிறுவனைப் போலச் சிரிப்பும் வராது, சினமும் வராது.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலறிஞர் இணையர் 1940-களில் செய்த பொம்மைச் சோதனை இதனோடு ஒத்துப்போகிறது. நிறம் தவிர வேறு வேறுபாடற்ற பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளின் முன் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் அந்த ஆய்வும் சுட்டப்பட்டது. பிரித்து அமர்த்திய வகுப்பறையே குழந்தைக்குப் பாடம் நடத்திவிடுகிறது. ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை.

'கருக்கு'வில் என்னைச் சுட்ட பகுதி வேறு. பள்ளியில் சிறுவர் சிறுமியர் விளையாடும்போது தென்னையிலிருந்து காய் ஒன்று விழுந்துவிடுகிறது. சிறுமி அதைத் திருடியதாகப் பழி வருகிறது. தலைமையாசிரியர் அனைவர் முன்னும் அவள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துகிறார். அவள் நியாயம் தேடிப் பங்குச் சாமியாரிடம் போகிறாள். அவரோ, சேரியிலிருந்து வருபவள்தானே, செய்திருப்பாய் என்கிறார். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலிலும் (2000) ஒரு தேங்காய் வருகிறது: ஆடு மேய்க்கும் பண்ணையத்துச் சிறுவன் கூளையன், தேங்காய் திருடியதற்காகத் தலைகீழாகக் கிணற்றில் தொங்கவிடப்படுகிறான். மேய்ச்சல் காட்டில் பண்ணைக்காரர் மகன் செல்வனோடு அவன் கொள்ளும் தோழமையை முருகன் எவ்வளவோ அழகாக எழுதியிருக்கிறார். அந்த அழகு பொழுது சாய்ந்தால் முடிந்துபோகிறது. கூளையன் எடுத்தான், 'கருக்கு'ச் சிறுமி எடுக்கவில்லை. ஊர் இருவருக்கும் வைத்திருக்கும் நீதி ஏறத்தாழ ஒன்றே. தனக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதைக் குழந்தை மிக நன்றாக அறியும். அதை யாரிடம் சொல்வது என்பதுதான் அதற்குத் தெரிவதில்லை.

குருமடத்தில் அந்தச் சாமியாரை நாங்கள் வாய்க்கு வந்தபடி ஏசினோம். குருத்துவப் பணிக்கே தகாதவர் என்றான் ஒரு நண்பன். இளமையில் தீர்ப்பு எளிது. இன்று படிக்கையில், அவர் கொடியவராக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் ஒரு மனிதராக, தலைமையாசிரியரோடு சச்சரவு வேண்டாமென்று எண்ணுபவராக, நல்ல செபவாழ்வு உள்ளவராகக்கூடத் தோன்றுகிறார். அதனால்தான் அந்தப் பகுதியை என்னால் விரைவாகக் கடக்க முடியவில்லை.

நாடகப் பட்டியலை அன்றிரவே நான் மாற்றினேன். கிரீடங்களில் ஒன்றை ஓடைத்தெருப் பையனுக்கு எழுதினேன். மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின் முன்தெருப் பெரியவர்கள் இருவர் பங்குமனைக்கு வந்தார்கள். மரியாதையாகவே பேசினார்கள். பிள்ளைகள் தாங்களாகப் பிரித்துக்கொண்டதைச் சாமி ஏன் கலைக்க வேண்டும், விழா நேரத்தில் மனவருத்தம் எதற்கு என்றார்கள். கோயில் கூரை வேலைக்கு அவர்கள் தெருவிலிருந்தே பாதித் தொகை வந்திருந்தது. அதை அவர்கள் சொல்லவில்லை. எனக்குத்தான் நினைவுக்கு வந்தது. பட்டியலைப் பழையபடி திருத்தினேன். பையனிடம், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றேன். அவன் சரி சாமி என்றான். அடுத்த ஆண்டு எனக்கு மாற்றலாகிவிட்டது.

நாடகம் நன்றாகவே நடந்தது. இடையர்கள் பாடிய பாட்டுக்குத்தான் கைதட்டல் மிகுதி. அரசர் பெருவிழா முடிந்த மறுநாள் குடிலைப் பிரிக்க வைக்கோலும் மூங்கிலும் கிடந்த இடத்திற்கு நான் போனபோது, ஓடைத்தெருச் சிறுவர்கள் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே வந்து கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் இருந்தான். அவர்களை நான் கூப்பிடவில்லை. யாரேனும் வரச்சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.